நடுவில் நிற்கிறவள்

"உன் மூணு பொண்டாட்டிங்களையும் இட்டுனு வந்து இந்த வூட்லயே குந்த வெச்சுக்க. நான் கூடைய எடுத்துகினு எங்கம்மா வூட்டாண்ட போறேன். ஆனா ஒண்ணு, நடுவுல நிக்கிறா பாரு, அவளுக்கு மட்டும் சோத்துல நெய் ஊத்தாத. ஏற்கனவே கொழுப்பேறிக் கீது."

சொக்கம்மாள் இப்படிக் கத்தியபோது அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. எதிரே நின்றவர் அவள் புருஷன் பொன்னுரங்கம். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற வேலை. கையில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு பாட்டுத் தட்டு. அந்தத் தட்டின் அட்டையில்தான் மூன்று பொண்டாட்டிகளும் நின்றார்கள். மூன்று பேரும் நல்ல கறுப்பு, நல்ல உயரம். கழுத்திலிருந்து கால்வரை வெள்ளியை உருக்கி ஊற்றினதுபோல ஒரு கவுன். ஓரத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நடுவில் நின்றவள் சிரிக்கவில்லை. வாடகை கேட்க வந்தவள்போல முறைத்தாள்.

பொன்னுரங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு பையோடு போய்விட்டார். அவரோடு சண்டை போடுவது அப்படித்தான். இந்தப் பக்கம் தொண்டை வற்றிப்போகும், அந்தப் பக்கம் மனுஷன் தெருமுனை தாண்டியிருப்பார்.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த வீட்டில் தட்டு இருந்தது, தட்டைப் போட்டுக் கேட்கிற பெட்டி இல்லை. ஒரு ரேடியோ இருந்தது, அதிலும் நியூஸ் மட்டும்தான் கேட்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி அடித்தால் பீரோ மேலிருந்து தட்டை இறக்குவார். வேட்டி நுனியால் அட்டையைத் துடைப்பார். பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஆறரைக்குத் திரும்பி வருவார். எங்கே போனாய் என்றால், தோஸ்த்து வீட்டுக்கு என்பார். எந்த தோஸ்த்து என்றால், ஹார்பர் தோஸ்த்து என்பார். அதற்கு மேல் கேட்டால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

சொக்கம்மாள் திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. பத்து வயசில் கூடை தலைக்கு ஏறியது, அறுபத்தாறு வயசிலும் இறங்கவில்லை. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து ராயபுரத்தில் உட்கார்ந்து விற்கிறாள். ஏலம் விடுகிறவன் பளபளவென்று காட்டுகிற மீனை அவள் எடுக்கமாட்டாள். தண்ணீர் தெளித்த மீன் எல்லாம் பளபளக்கத்தான் செய்யும். செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றை அமுக்குவாள், மோந்து பார்ப்பாள். மனுஷர்களிடமும் அவளுக்கு அதே புத்திதான். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவன் சீல் உடையாததைக் காட்டாமல் உள்ளே வர முடியாது. இப்போது கடையில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள், போனில் காசு போட்டால் அது வாய்விட்டுச் சொல்லும். அந்தப் பெட்டியையும் அவள் நம்புவதில்லை. யார் குரலில் பேசுகிறது, அவனுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்பாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அப்படியொரு புருஷன் வாய்த்தார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பார். அதுவே அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. இவ்வளவு ஒழுங்காக இருக்கிற ஆம்பளை எதையோ மறைக்கிறான்.

மறைத்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிந்தது. ஞாயிறு ராத்திரி அவர் தலையணையில் ஜிகினா இருக்கும். காது மடலுக்குப் பின்னால் ஒரு பொட்டு, புருவத்தில் ஒரு பொட்டு. முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்திருப்பார், ஆனாலும் ரோஸ் பவுடர் வாசனை போகாது. வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜை அன்று, ஹார்பரில் கிரேனுக்கு எல்லாம் வாழைமரம் கட்டிப் பூஜை போடுவார்கள். சாயங்காலம் நிகழ்ச்சி நடக்கும். பாஸ் இல்லாமல் கேட்டுக்குள் யாரும் நுழைய முடியாது, வீட்டுப் பெண்களை எவனும் கூட்டிப் போவதும் இல்லை. அவர்கள் தெருவில் மற்ற ஆம்பளைகள் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள், ஹார்பர் வேலைக்குப் போனவர் இவர் ஒருத்தர்தான். அதனால் உள்ளே என்ன நடந்தது என்று சொல்ல ஒரு நாதி கிடையாது. அப்படி ஒரு ஆயுத பூஜை முடிந்து வந்த மனுஷனின் உதட்டோரத்தில் சிவப்பு ஒட்டியிருந்தது. வெற்றிலை என்றார். அந்த மனுஷன் ஜென்மத்தில் வெற்றிலை போட்டதில்லை.

பெண் குணசுந்தரிக்கு மூன்று வயசாக இருந்தபோது, ஒரு ஞாயிறு, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் சொக்கம்மாள் பின்னாலேயே போனாள். கையில் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது, கழுவக்கூட நேரமில்லை. கல்மண்டபம் தாண்டி ஒரு சந்து. சந்தில் ஒரு பழைய மாடி வீடு. அவர் கீழ்க்கதவைத் தட்டினார். ஒரு பெண் திறந்தாள். நல்ல சிவப்பு, முக்காடு நழுவிக் கழுத்தில் கிடந்தது. இவரைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தாள். இவரும் சிரித்தார். தன் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து சொக்கம்மாள் பார்த்ததில்லை. கதவு சாத்திக்கொண்டது.

அந்தப் பெண் பேர் ஜஸீமா என்று எதிரே இருந்த இட்லிக்கடைக்காரி சொன்னாள். துணி தைக்கிறவளாம். புருஷன் துபாயில் இருக்கிறானாம். இவ்வளவு போதும். மீதியை சொக்கம்மாளே தைத்துக்கொண்டாள்.

வாய்க்காரியான அவள் அன்று ராத்திரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. மூன்று பொண்டாட்டி என்று அட்டையைக் காட்டித் திட்டுவாள், ஜஸீமா என்ற பேரை மட்டும் வாயில் எடுக்கமாட்டாள். கேட்டால் பதில் வந்துவிடும். ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு நிஜமாகவே போகவேண்டும். சந்தேகத்தோடு குடும்பம் நடத்தலாம், உண்மையோடு நடத்த முடியாது. கல்மண்டபம் பக்கம் போக வேண்டியிருந்தால் அந்தச் சந்துக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போனாள். முப்பது வருஷத்துக்கு மேல் சுற்றினாள். கால் வலி எடுத்ததுதான் மிச்சம்.

பொன்னுரங்கம் ரிட்டையர் ஆனார். ஆயுத பூஜைக்குப் போவது நின்றது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தார். அவ்வளவுதான். இரண்டு வருஷம் ஆகிறது.

சாவுக்கு வந்தவர்களில் இரண்டு கிழவர்கள் யாரென்றே தெரியவில்லை. சொந்தக்காரர்களைவிட அதிகமாக அவர்கள்தான் அழுதார்கள். தெருமுனையில் பர்தா போட்ட ஒரு பொம்பளை, வீட்டுக்கு வராமல், பாடை போகும்வரை நின்றுகொண்டிருந்தாள். சொக்கம்மாள் பார்த்தாள். மாரில் அடித்துக்கொள்ளப் போன கை அப்படியே இறங்கிவிட்டது. அன்று அவள் அழவில்லை. குப்பத்துப் பொம்பளைகள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துப் பார்த்தார்கள், கிழவி கல்மாதிரி உட்கார்ந்திருந்தாள். பதினாறாம் நாளும் அழவில்லை, வருஷத் திதிக்கும் அழவில்லை. மீஞ்சூரில் வாழ்க்கைப்பட்டிருந்த குணசுந்தரி, நைனாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலியா உனக்கு என்று போனிலேயே சண்டைக்கு வந்தாள்.

"உங்க நைனா எனக்கு புருஷனா, வேற எவளுக்காச்சும் புருஷனான்னு மொதல்ல தெரியட்டும். அப்பால அழுவுறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் போன புரட்டாசியில் ஒரு நாள், சாவில் அழுத கிழவர்களில் ஒருத்தர் வாசலில் வந்து நின்றார். தலையில் தொப்பி, கழுத்தில் சிலுவை, இஸ்திரி போட்ட சட்டை. பேர் சாவியோ. பொன்னுரங்கத்தோடு ஹார்பரில் வேலை செய்தவராம். உட்காரச் சொன்னதற்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தால் குடிக்காமல் டம்ளரையே பார்த்தார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். அந்தப் பாட்டுத் தட்டு வேண்டும். ஒரே ஒரு வாரம், அப்புறம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எதற்கு என்று கேட்டாள். தன் பேத்திக்கு இங்கிலீஷ் பாட்டு கேட்க ஆசை என்றார். பேத்தி பேர் என்ன என்று கேட்டாள். கிழவர் யோசித்தார். சொந்தப் பேத்தி பேருக்கு யோசிக்கிற மனுஷனை சொக்கம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். செவுளைத் தூக்காமலே தெரிந்தது.

"சார், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா மூஞ்சி படிப்பேன். உங்கள அனுப்பனது யாருன்னும் தெரியும். அந்தத் தட்டு யாருக்கு வேணுமோ, அவளையே வந்து என் மூஞ்சப் பாத்துக் கேக்கச் சொல்லுங்க."

சாவியோ எழுந்தார். சொல்லமாட்டேன்னு அவனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

சத்தியம். அந்த வார்த்தை நாலு நாள் அவளைத் தூங்கவிடவில்லை. செத்துப்போன பிறகும் காப்பாற்ற வேண்டிய சத்தியம் என்றால் அது எவ்வளவு பெரிய அசிங்கமாக இருக்கும்? குழந்தை ஏதும் இருக்குமோ? நாளைக்கு ஒருத்தன் வந்து நானும் பொன்னுரங்கம் மகன் என்று நிற்பானோ? நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மீன் விற்று முடிந்ததும் குளித்தாள், நல்ல புடவையாகக் கட்டினாள், தட்டை இறக்கிப் பையில் போட்டாள். மூன்று மணிக்கு அந்தச் சந்துக்குள் நுழைந்தாள். கதவைத் தட்டவில்லை, குத்தினாள்.

ஜஸீமா திறந்தாள். அந்தச் சிவப்பு எல்லாம் போய், கண்ணில் சோடாபுட்டிக் கண்ணாடி, முதுகில் கூன். இவளைப் பார்த்ததும் பயப்படவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. உள்ளே வாங்கக்கா என்று வழிவிட்டாள். சொக்கம்மாள் வாசற்படியிலேயே நின்று தட்டை நீட்டினாள்.

"இந்தா. முப்பத்தெட்டு வருசம் என் வூட்டுப் பீரோ மேல வெச்சுக் காப்பாத்தினேன். இதுக்குத்தான அந்த ஆள அனுப்பனே? எடுத்துக்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு. எனக்கு முன்னாடியா, எனக்கு அப்பாலயா?"

ஜஸீமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். "நான் சத்தியம் எதுவும் பண்ணல. சாவியோண்ணந்தான் பண்ணுச்சு. நீங்க உள்ள வந்து அந்தப் பீரோவத் தொறந்து பாருங்க. அப்பறம் என்னைத் திட்டுங்க, நான் எங்கயும் ஓடிப்போகல."

பீரோவில் மூன்று கவுன் தொங்கின. அட்டையில் இருந்ததேதான். வெள்ளி ஜிகினா, கழுத்திலிருந்து கால்வரை. மேல்தட்டில் மூன்று சவுரிமுடி, ஒரு பவுடர் டப்பா, உதட்டுச் சாயம். சொக்கம்மாளுக்குக் காதில் ரத்தம் ஏறியது. ஒருத்தி இல்லை, மூன்று பேர்தான் என்று நினைத்தாள். எவளுக்கு எது என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். நடுவில் தொங்கியதைப் பிடித்த கை நின்றுவிட்டது.

இந்த அகலத்துக்கு எந்தப் பொம்பளைக்கும் தோள் கிடையாது. அதிலும் இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை இறக்கித் தைத்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஹார்பரில் இரும்புக் கொக்கி விழுந்து பொன்னுரங்கத்துக்கு இடது தோள் இறங்கிவிட்டது. மழைக்காலத்தில் அங்கே வலிக்கும். அந்தத் தோளில் எத்தனை ராத்திரி எண்ணெய் தேய்த்திருக்கிறாள். அவள் உள்ளங்கைக்குத் தெரியாதா அந்த இறக்கம். கவுனைக் கவிழ்த்துப் பார்த்தாள், கழுத்தை மோந்து பார்த்தாள், அக்குளில் போட்டிருந்த ஒட்டுத் துணியை விரலால் தடவிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

"இது எங்க வூட்டுக்காரர் அளவு" என்றாள்.

"ஆமாக்கா. மத்த ரெண்டும் சாவியோண்ணனுக்கும் துரையண்ணனுக்கும். ரெண்டு பேரும் இப்ப மாடியிலதான் இருக்காங்க. சத்தியம் பண்ணவரு வாயாலயே கேளுங்க."

மாடியில் சாவியோவின் வீடு. துரையும் அங்கேதான் இருந்தார், சாவில் அழுத இன்னொரு கிழவர். சொக்கம்மாளைக் கண்டதும் அண்ணி என்று எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டார். போலீஸ் வந்ததுபோல இரண்டு பேரும் நின்றார்கள். அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, மாற்றி மாற்றி, எல்லாவற்றையும் சொன்னார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால், ஒரு கப்பல் மூன்று வாரம் சரக்கு இறக்காமல் நின்றதாம். அதில் இருந்த சமையல்காரனுக்குப் பொன்னுரங்கம் தினமும் இறால் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கிளம்புகிற அன்று அவன் இந்தத் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். முதல் பக்கம் நெஞ்சைப் பிழிகிற மெதுவான பாட்டு, சோல் என்பார்களாம். திருப்பிப் போட்டால் டிஸ்கோ. அந்த வருஷ ஆயுத பூஜைக்கு ரெக்கார்டு டான்ஸ் ஆட வேண்டியவன் வரவில்லை. மூன்று பேரும் சேலையைச் சுற்றிக்கொண்டு, இந்தத் தட்டைப் போட்டு ஆடினார்கள். ஹார்பரே விசிலடித்தது. மறுவருஷம் மூணு அக்கா வரணும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கீழ்வீட்டு ஜஸீமா அட்டையைப் பார்த்துக் கவுன் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த மாடியில்தான் ஒத்திகை, வேஷம் கட்டிக்கொண்டே, ரிட்டையர் ஆன பிறகும் அதை விடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் மூணு அக்கா இல்லாமல் அங்கே ஆயுத பூஜை நடக்கவில்லை. பெட்டி சாவியோவிடம், தட்டு பொன்னுரங்கத்திடம், துணி ஜஸீமாவிடம். எவனும் தனியாக ஆடிப் பேர் வாங்கிவிடக் கூடாது என்று அப்போதே பங்கு பிரித்துக்கொண்டார்கள். துரையிடம் மட்டும் எதையும் கொடுக்கவில்லை, கொடுத்தால் அடகுக்குச் சேட்டுக் கடைக்குப் போய்விடும். இப்போது ரிட்டையர் ஆனவர்கள் எல்லாரும் சேர்ந்து இந்த ஆயுத பூஜைக்கு ஒரு மண்டபம் எடுத்திருக்கிறார்கள். ரெண்டு அக்காவாவது வாங்கடா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் தட்டு.

சொக்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு நம்பவில்லை. கவுன் சரி. ஆனால் ஆட்டம் என்றால், இடுப்பே இல்லாத அந்த மனுஷன், தன் கல்யாணத்திலேயே மரக்கட்டை மாதிரி நின்றவர், ஆடினார் என்றால் யார் நம்புவது? செத்தவரைக் காப்பாற்ற மூன்று பேரும் சேர்ந்து கதை கட்டுகிறார்களோ என்று இருந்தது. ஆடிக் காட்டுங்கள் என்றாள். தட்டைத் தன் கையாலேயே பெட்டியில் வைத்தாள்.

ஊசி கரகரவென்றது. அப்புறம் தாளம் வந்தது, ராயபுரம் பாலத்தின் மேல் கூட்ஸ் வண்டி போகிறமாதிரி, விடாமல். அதன்மேல் ஒருத்தி ஆரம்பித்தாள். சொக்கம்மாளுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் இரண்டாவது அடியிலேயே புரிந்துவிட்டது. இது சண்டை. லேட்டாக வந்தவனை வாசலிலேயே நிறுத்தி வைத்து ஒருத்தி கேட்கிறாள். மற்ற இரண்டு பேரும் பின்னாலிருந்து, ஆமாண்டி, கேளுடி, விடாதடி என்று ஒத்து ஊதுகிறார்கள். இதற்கு எதற்கு இங்கிலீஷ்.

சாவியோ ஒரு ஓரம், துரை ஒரு ஓரம். நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடத்தை விட்டுவிட்டு, இரண்டு கிழவர்களும் மூட்டு வலியோடு அசைந்தார்கள். பார்க்க நன்றாகவே இல்லை. அவர் என்ன செய்வார், நடுவில் நின்று என்ன செய்வார் என்று சொக்கம்மாள் கேட்டாள். துரை தயங்கித் தயங்கி நடுவுக்கு வந்தார்.

முதலில் இடுப்பில் இடது கையை வைத்தார். வலது கையால் இல்லாத முந்தானையை உதறிச் செருகினார். விரலை நீட்டி, மூக்குக்கு நேராக ஆட்டி, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, கீழுதட்டை மடித்துக் கடித்து, அப்புறம் கூடையைத் தூக்குகிறமாதிரி குனிந்து, போறேன் போ என்று திரும்பி நாலு அடி நடந்து, போகாமல் மறுபடி வந்து நின்று விரலை நீட்டினார்.

சொக்கம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழுதட்டை மடித்துக் கடிக்கிறவள் அந்த ஊரில் ஒருத்திதான். கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, போகாமல் நாலு அடியில் திரும்பி வருகிறவளும் அவள்தான். நாலு சுவருக்குள் போட்ட சண்டை. வாயே திறக்காமல், தண்ணீர் குடிக்கப் போகிறமாதிரி போய்க்கொண்டே, அந்த மனுஷன் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"எல்லாரும் சிரிச்சானுங்களா?" என்று கேட்டாள்.

சாவியோ தொப்பியைக் கழற்றினார். "சிரிக்கலம்மா. ஓரத்துல நின்ன எங்களப் பாத்துதான் சிரிப்பானுங்க. அவன் வெரல நீட்டனா அம்மாம் பேரும் கப்சிப். முன்னாடி வரிசைல இருக்கறவன் பீடியக் கீழ போட்ருவான். எங்கடா கத்துக்கினன்னு கேட்டா, எங்க வூட்ல ஒரு மகாராணி கீறா, நான் அவளாண்ட பாதிகூட இல்லடான்னுவான். அவளுக்குத் தெரிஞ்சா இந்த ஆட்டத்த வுட்டுடுவா, அப்பறம் நான் எதப் பாத்து ஆடுவேன், சொல்லாதீங்கடான்னு சத்தியம் வாங்கினான்."

தெரிந்தால் சண்டை போடுவதை விட்டுவிடுவேன் என்று நினைத்தானா அந்த ஆள். சொக்கம்மாளுக்கு எதைத் திட்டுவது என்று தெரியவில்லை. அந்தச் சந்துக்குள் நுழையாமல் முப்பது வருஷம் சுற்றிப் போன கால்களை நினைத்தாள். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"என்னை ஒரு வார்த்த கேக்காம என் சண்டைய எடுத்துகினு போயி வித்துக் கீறான், கஸ்மாலம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வாய் கோணிக்கொண்டது. இரண்டு வருஷமாக வராதது வந்தது. மாரில் அடித்துக்கொள்ளவில்லை, ராகம் போடவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். ஜஸீமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தொடவில்லை. கிழவர்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தட்டு பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு இடத்துக்கு வந்ததும் ஊசி தாவியது. பாடிக்கொண்டிருந்தவள் திக்கினாள். சாவியோ ஓடிப்போய் ஒரு விரலால் தட்டிவிட்டார். மறுபடி தாவியது.

சொக்கம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இது என்ன என்று கேட்டாள். ஊசி தேய்ந்துவிட்டது, பொன்னுரங்கம் இருந்தபோதே இப்படித்தான் தாவும், இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்றார் சாவியோ. அவள் தட்டை நிறுத்தச் சொன்னாள். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தேய்ந்த ஊசி எங்கெங்கே உரசியிருக்கிறது என்று கோடு கோடாகத் தெரிந்தது.

"இத்தினி நாளா இத வெச்சா என் தட்டக் கீறிகினு இருந்தீங்க?"

என் தட்டு என்று அவள் சொன்னதை மூன்று பேரும் கவனித்தார்கள். சாவியோ ஊசித் தலையைக் கழற்றி, ஒரு காகிதத்தில் மடித்து, மாதிரிக்கு என்று அவள் கையில் கொடுத்தார். தட்டை விட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. அவளும் விட்டுவிட்டுப் போகவில்லை, பையில் போட்டுக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, துரையண்ணே, கையை இடுப்பு மேல வெக்காத, எலும்பு மேல வெச்சு ஊனு, அப்பதான் எதுர்ல நிக்கிறவனுக்குப் பயம் வரும் என்று ஒருமுறை தன் இடுப்பில் வைத்துக் காட்டினாள். துரை அதேபோல வைத்துப் பார்த்தார். வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றாள்.

மறுநாள் மீனைப் பக்கத்துக் கடைக்காரி தலையில் கட்டிவிட்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனாள். நாலு கடையில் இல்லை என்றார்கள். ஒருத்தன் செல்போனில் கேட்கலாமே பாட்டி என்றான், அவனை நின்று நாலு கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். ஐந்தாவதாக, ஒரு சந்துக்குள், பழைய ரேடியோ பழுது பார்க்கிற கடை. கடைக்காரர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்து, தேடி, ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்தார். புதுசு என்றார். சொக்கம்மாள் நம்பவில்லை. பையிலிருந்து தட்டை எடுத்து, இதைப் போட்டுக் காட்டு, அப்புறம் பேசலாம் என்றாள். அவர் தன் பெட்டியில் மாட்டிப் போட்டார். நடுவில் நிற்கிறவள் திக்காமல், திணறாமல், முழுசாகச் சண்டை போட்டு முடிக்கும்வரை கடை வாசலிலேயே நின்று கேட்டாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். கடைக்காரர் எண்ணூறு என்றார், தட்டையும் கொடுப்பதானால் ஊசி சும்மாவே தருகிறேன் என்றும் சொன்னார். தட்டை எடுத்துப் பைக்குள் போட்டு, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஊசிக்கு அறுநூற்று இருபது ரூபாய் கொடுத்தாள்.